முந்தானைக்குள் ஒரு போன்

எங்கள் பக்கத்து மாட்டுச் சந்தையில் விலையை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒரு துண்டைப் போட்டுக் கைகளை மூடிக்கொள்வார்கள். உள்ளே ஒருவர் விரலை இன்னொருவர் பிடிப்பார். எத்தனை விரல், எந்தப் பிடி என்பதில் விலை இருக்கும். லேசாகத் தொட்டால் ‘சும்மா கேட்டுப் பார்க்கிறேன்’ என்று அர்த்தம். அழுத்திப் பிடித்து விடாமல் வைத்திருந்தால் ‘இதுக்கு மேல பைசா கிடையாது’ என்று அர்த்தம். சுற்றி எத்தனை பேர் நின்றாலும் துண்டுக்குள் என்ன நடந்தது என்று ஒருவருக்கும் தெரியாது.

இதில் எனக்கு ஒரே ஒரு கஷ்டம்தான். நான் பொம்பளை. பொம்பளை துண்டுக்குள் கை விடக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை, போர்டு எழுதியும் மாட்டவில்லை. ஆனால் யாரும் விட்டதில்லை. மாட்டைத் தேடிக் கண்டுபிடிப்பது நான். பல்லைப் பார்த்து வயசு சொல்வது நான். மடியைத் தடவி எவ்வளவு கறக்கும் என்று சொல்வதும் நான். விலை பேசும்போது மட்டும் டீக்கடைப் பக்கம் போய் ஓரமாக நின்றுகொள்ள வேண்டும். கையைக் கொடுக்கிறவர் என் வீட்டுக்காரர் ஆனந்தராஜ்.

தங்கமான மனுஷன். எங்கள் ஊர் காணையிலிருந்து விழுப்புரத்துக்குப் பால் வண்டி ஓட்டுகிறார். குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஆனால் யாராவது அவர் கையைப் பிடித்துக் கொஞ்சம் அழுத்தினால் போதும், “சரிங்க” என்றுவிடுவார். “ஏங்க இவ்ளோ குடுத்தீங்க?” என்று கேட்டால், “பாவம் வெண்ணிலா, அந்தாளு கை நடுங்கினு இருந்துது” என்பார். எனக்கு வயிறு எரியும். அந்தாள் கை நடுங்கியது சந்தோஷத்தில் என்று இவருக்கு எப்படிப் புரியவைப்பது?

போன மாதம் கிருஷ்ணசாமி போன் செய்தார். திண்டிவனம் பக்கத்தில் பால் பண்ணை வைத்திருக்கிறவர். நான் பார்த்துச் சொன்ன இரண்டு மாடுகளை முன்பு வாங்கியிருக்கிறார், இரண்டும் குறையில்லாமல் கறக்கின்றன.

“வெண்ணிலாம்மா, பண்ணைக்கு அடிக்கடி மாடு வேணும். நீங்களே சந்தைக்குப் போயி புடிச்சுக் குடுக்கறீங்களா? மொதல்ல ஒண்ணு புடிங்க, பாக்கறேன். சரியா வந்துச்சுன்னா இனிமே பண்ணைக்கு மாடு புடிக்கிறது நீங்கதான். இல்லன்னா தரகரு யாரையாவது வச்சிக்கிறேன். பல்லு, மடி, கன்னுக்குட்டி எல்லாத்தையும் போட்டோ எடுத்து வாட்சப்புல அனுப்புங்க. எவ்ளோ வரைக்கும் போலாம்னு நான் ஒடனே சொல்றேன். ஆனா ஒண்ணு, வெலய நீங்கதான் பேசணும். ஒங்க வீட்டுக்காரரு வேணாம். அவரு பேசுற லட்சணம் எனக்குத் தெரியும்.”

பக்கத்தில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலையை உரித்துக்கொண்டிருந்த ஆனந்தராஜ், “கரெக்டாதான் சொல்றாரு” என்றார். கோபித்துக்கொள்ளக்கூடத் தெரியாது இந்த மனுஷனுக்கு.

அந்த வேலை எனக்கு வேண்டும். சும்மா ஆசைப்படுகிற வேண்டும் இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து டீக்கடை ஓரம் நின்று, என் கண்ணால் பார்த்த மாட்டை அடுத்தவன் கையால் வாங்கி வாங்கி எனக்கு அலுத்துவிட்டது. ஒரு மாட்டையாவது நானே விலை பேசி, நானே கயிற்றைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். ஆனால் துண்டுக்குள் கை விடாமல் எப்படி விலை பேசுவது? இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் பால் கறந்துகொண்டிருக்கும்போது பளிச்சென்று பிடிபட்டது. கைக்குப் பதில் போன். நான் என் விலையைப் போனில் அமுக்கி முந்தானைக்குள்ளேயே அவரிடம் தருவேன். அவர் தன் விலையை அமுக்கித் திருப்பித் தருவார். கை பட வேண்டியதில்லை, வாயும் திறக்க வேண்டியதில்லை.

“அதுக்கு எதுக்கு போனு? ஒரு கால்குலேட்டர் வாங்கிக்கோயேன்” என்றார் ஆனந்தராஜ்.

“மாட்டோட மடிய கால்குலேட்டர்ல போட்டோ புடிக்கறதா? ரெண்டு கையில ரெண்டு சாமான் வச்சிக்கினா மாட்டுக் கயித்த பல்லுல கடிச்சிக்கறதா?”

“அதுவும் சரிதான்” என்றார்.

எனக்குத் தேவை இதுதான். வாட்சப் வேண்டும், நல்ல கேமரா வேண்டும், ஆனால் பட்டன் வைத்திருக்க வேண்டும். முந்தானைக்குள் பார்க்காமலே அமுக்க வேண்டும் என்றால் விரலுக்குப் பட்டன் தட்டுப்பட வேண்டாமா? இன்னொன்று, என் கை. விடிகாலையும் சாயங்காலமும் எண்ணெய் தொட்டுப் பால் கறக்கிற கை. கட்டை விரலில் ரேகையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ரேஷன் கடை மிஷினே என்னை யார் என்று தெரியாத மாதிரி முழிக்கும்.

விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஏசி போட்ட ஒரு போன் கடை. அங்கே கோபி என்று ஒரு பையன், கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். பட்டன் வைத்த போனில் வாட்சப் வேண்டும் என்றேன்.

“இப்பல்லாம் யாருக்கா பட்டன் போன் கேக்கறாங்க? எல்லாம் டச்சுதான். இத பாருங்க, கேமரா சூப்பரா இருக்கும். ஒங்க மூஞ்சிய பத்து வயசு கொறச்சிக் காட்டும்.”

“மாட்டுக்கு வயசக் கொறச்சிக் காட்டுமா?”

“மாட்டுக்கா?”

“அப்பிடிக் காட்டுச்சுன்னா அந்த போனே வேணாம். பல்லு இருக்கறது இருக்கறபடி தெரியணும்.”

பையன் ஆனந்தராஜைப் பார்த்தான். ஆனந்தராஜ் ஏசியை அண்ணாந்து பார்த்தார். நான் அந்தப் போனை வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, கண்ணை நேராக வைத்து, நாற்பத்தாறாயிரத்துக்கு நாற்பத்தாறு என்று அமுக்கினேன். வெளியே எடுத்தால் போன் என் இடுப்பைப் போட்டோ எடுத்து வைத்திருந்தது. திரும்ப அமுக்கினேன். இந்த முறை எல்லா எழுத்தும் இந்திக்கு மாறிவிட்டது. முந்தானைக்குள்ளிருந்து வெளிச்சம் வேறு, வயிற்றுக்குள் டியூப்லைட்டை முழுங்கின மாதிரி.

“கைய நல்லா தொடச்சிக்கினு மெதுவா தொடுங்கக்கா” என்றான் கோபி.

“சந்தையில மாட்டு மடியத் தடவிட்டு வர்றவகிட்ட கையத் தொடன்னா எங்க போயித் தொடைக்கறது? ஒஞ் சட்டையிலயா?”

நல்ல பையன், சிரித்துவிட்டான். அடுத்ததாகச் சின்னதாக ஒரு தனிக் கீபோர்டு கொண்டுவந்தான். அதைப் போனோடு சேர்த்துக்கொள்ளலாமாம், நடுவில் வயர்கூட வேண்டாமாம். அமுக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் போன் ஒரு கையில், அது ஒரு கையில். ஜால்ரா போடக் கச்சேரிக்குப் போகிறவள் மாதிரி இரண்டையும் தூக்கிக்கொண்டு சந்தையில் அலைய முடியுமா? வேண்டாம் என்றேன். கடைசியாகச் சாதாரண பட்டன் போன் ஒன்றைக் காட்டினான். பட்டன் அருமை. கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாலும் ஒரு எண் தப்பவில்லை. சும்மா சொல்லக்கூடாது, கைக்கு அவ்வளவு பாந்தம். ஆனால் வாட்சப் இல்லை. கேமராவில் கோபியையே ஒரு போட்டோ எடுத்தேன். மூஞ்சி எது முதுகு எது என்று தெரியவில்லை.

“வேற எங்க கெடைக்கும் தம்பி?”

“திண்டிவனத்துல சகாயராஜ்னு ஒருத்தர் கட வச்சிருக்காரு. பழைய போனு, வெளிநாட்டு போனு எல்லாம் அவருகிட்ட இருக்கும். அவரும் ஒங்கள மாதிரிதான், பட்டன் பைத்தியம்.” சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்துக்குள் பால் கணக்கு வேலையை முடித்துக்கொண்டு, ஆனந்தராஜையும் இழுத்துக்கொண்டு திண்டிவனம் பஸ்ஸில் ஏறினேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகள் வரிசையாக நின்றன. அவர் ஜன்னலோரம் தூங்கிவிட்டார். நான் தூங்கவில்லை. அடுத்த சந்தைக்கு ஒரு வாரம்கூட இல்லை, அதற்குள் போன் கிடைக்காவிட்டால் கிருஷ்ணசாமி தரகரிடம் போய்விடுவார் என்ற பயம் எனக்கு.

சகாயராஜ் கடை நாலு பேர் நின்றால் நிரம்பிவிடும். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒவ்வொரு போனும் மகராசனாக உட்கார்ந்திருந்தது. அவருக்கு ஐம்பது வயசு இருக்கும், மூக்கு நுனியில் கண்ணாடி. நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். சிரிக்கவில்லை. அங்கேயே எனக்கு அந்த மனுஷனைப் பிடித்துப்போய்விட்டது.

“மூணு இருக்குதும்மா. மூணையும் பாத்துட்டு எடுங்க. அவசரப்படாதீங்க.”

முதல் போன் கறுப்பு. கீழே இங்கிலீஷ் எழுத்து மொத்தமும் பட்டன் பட்டனாக, கேப்பையைப் பரப்பி வைத்த மாதிரி. அமுக்கினால் டிக் டிக் என்று ஒரு சத்தம். அடடா! அந்தச் சத்தத்துக்கே வாங்கலாம் போலிருந்தது.

“இதுல வாட்சப் வருமா?”

சகாயராஜ் பெருமூச்சு விட்டார். “பழசும்மா. இப்ப வர்ற வாட்சப் இதுல ஏறாது. உசுரு இருக்குது, ஊரோட பேச்சுவார்த்த இல்ல.”

மனசே இல்லாமல் கீழே வைத்தேன். இரண்டாவது போனும் அதே மாதிரி எழுத்துப் பட்டன்தான், ஆனால் புதுசு. வாட்சப் ஓடும், கேமராவும் பிரமாதம். முந்தானைக்குள் வைத்து நாற்பத்தாறு அமுக்கிப் பார்த்தேன். இரண்டு இங்கிலீஷ் எழுத்து வந்து நின்றது.

“நம்பருக்குத் தனியா பட்டன் இல்லம்மா. இந்த ஓரத்துப் பட்டன அமுக்கிக்கினு அப்பறம் அத அமுக்கணும்.”

“நான் அமுக்கிடுவேங்க. எதுத்தாப்புல மாட்டுக்காரரு இருக்காரே, அவரு கட்ட வெரலு வாழப்பழம் மாதிரி இருக்கும். ஒரு அமுக்குல நாலு பட்டன் உள்ள போயிடும்.”

“அப்ப இதுதான் ஒங்களுக்கு” என்று மூன்றாவதை எடுத்தார். மடிக்கிற போன். திறந்தால் மேலே கண்ணாடி, கீழே பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை பெரிய பெரிய பட்டன். நடுவில் ஐந்தின் மேல் ஒரு சின்னப் புள்ளி, விரல் வைத்தாலே தெரிந்தது. வாட்சப் இருந்தது. அவரிடம் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் கேட்டு வாங்கிக் கையில் தடவிக்கொண்டு அமுக்கினேன். தப்பவில்லை. தண்ணீரில் நனைத்துக்கொண்டு அமுக்கினேன். தப்பவில்லை.

கேமரா பாக்கி. கடைக்கு வெளியே சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைக் கிழித்துத் தின்றுகொண்டு ஒரு மாடு நின்றது. போனை எடுத்துக்கொண்டு போய்த் தெருவில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து மடியைப் போட்டோ எடுத்தேன். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்த்தார்கள். போட்டோவில் நாலு காம்பும் தனித்தனியாகத் தெரிந்தது.

அப்புறம் ஒத்திகை. “இன்னாங்க, நீங்கதான் மாட்டுக்காரரு. வாங்க” என்று ஆனந்தராஜை இழுத்து, முந்தானையை விரித்து இரண்டு பேர் கையையும் மூடினேன். நாற்பது என்று அமுக்கிக் கொடுத்தேன். அவர் குனிந்து முந்தானைக்குள் எட்டிப் பார்த்தார்.

“சரிங்க” என்றார்.

“யோவ்! நீ விக்கறவன்யா! ஏத்திக் கேளு!”

கடை வாசலில் நின்ற கூட்டம் ஓவென்று சிரித்தது. சகாயராஜுக்கும் அப்போதுதான் சிரிப்பு வந்தது. அவரே கல்லாவை விட்டு எழுந்து வந்து மாட்டுக்காரராக நின்றார். மனுஷன் லேசுப்பட்டவர் இல்லை, என்னை நன்றாக இழுத்தடித்தார். நான் கடைசி விலையை வழக்கப்படி அழுத்தி அழுத்தி அமுக்கினேன்.

“மெதுவாம்மா, பட்டன் பாவம்” என்றார்.

போனை எடுத்துக்கொண்டேன். அவர் பொறுமையாக எல்லாம் செட் செய்து கொடுத்தார். பால் கறக்கும்போது கையில் போனைப் பிடிக்க முடியாது என்று சொன்னதால், எந்தப் போன் பேசினாலும் ஸ்பீக்கரில் சத்தமாக வருகிற மாதிரி வைத்தார். நம்பர் தேட வேண்டாம் என்று இன்னொரு வசதியும் செய்தார். “ரெண்ட அமுக்கிப் புடிச்சிக்கினே இருந்தா ஒங்க வீட்டுக்காரருக்குப் போவும். மூணு மாட்டு டாக்டரு. நாலு கிருஷ்ணசாமி அய்யா.” தலையைத் தலையை ஆட்டினேன். தலைதான் ஆடியது, காதில் ஏறவில்லை. எனக்கு அப்போதே சந்தையில் நிற்கிற நினைப்பு.

சந்தை அன்று நல்ல கூட்டம். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வரிசை வரிசையாகப் பார்த்தேன். கடைசியில் ஒரு புளியமரத்தடியில், முருகையன் என்கிறவர் கட்டியிருந்த சிவப்பும் வெள்ளையும் கலந்த பசு என்னைப் பிடித்து நிறுத்தியது. இரண்டாவது கன்று போட்ட இரண்டாம் ஈற்று, பக்கத்தில் அந்தக் கிடாரிக் கன்று. பல் சரி, கால் சரி, கண்ணில் நல்ல களை. மடியைத் தடவினேன். முன் காம்பு இரண்டும் பஞ்சு. பின்னால் வலது காம்பும் அப்படியே. இடது காம்பின் அடியில் மட்டும் ஒரு சின்னக் கட்டி, கல் மாதிரி. பீய்ச்சிப் பார்த்தேன், சொட்டு வரவில்லை. முருகையன் சட்டென்று வேறு பக்கம் திரும்பி யாரையோ கூப்பிட்டார். அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆனாலும் மாடு நல்ல மாடுதான். மீதி மூன்று காம்பிலேயே மற்ற மாடு நாலில் கறப்பதைக் கறந்துவிடும். விலை மட்டும் அதற்குத் தகுந்த மாதிரி படிய வேண்டும். போட்டோ எடுத்துக் கிருஷ்ணசாமிக்கு அனுப்பினேன். காம்பு விஷயத்தை மட்டும், நாலு பேர் நடுவில் பேசாமல், விலை படிந்ததும் அவரிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டேன். கிருஷ்ணசாமியிடமிருந்து உடனே பதில் வந்தது. மாடு பிடித்திருக்கிறது, ஐம்பத்திரண்டு ஆயிரம் வரை போகலாம்.

முருகையன் துண்டை உதறிக்கொண்டு ஆனந்தராஜிடம் போனார்.

“அண்ணே, நான்தான் பேசறேன்” என்று முந்தானையை விரித்துப் போனைத் திறந்தேன். “ஒங்க வெலய இதுல அமுக்குங்க. நான் பாத்துட்டு என்னுத அமுக்கறேன்.”

“இது இன்னாம்மா புதுசா கீது?” என்று அவர் மிரண்டார். அதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள். “போன்ல மாடு புடிக்கறாங்கப்பா!” என்று ஒருவர் கத்தினார். நாலு பேர் நாற்பது பேர் ஆனார்கள். ஆனாலும் முருகையனுக்கும் ஆசை தட்டிவிட்டது. முந்தானைக்குள் வாழைப்பழ விரலால் அறுபது என்று அமுக்கினார். நான் நாற்பது என்றேன். அவர் ஐம்பத்தாறுக்கு இறங்கினார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நானே பேசுகிறேன்! இத்தனை ஆம்பளைகள் சுற்றி நிற்க, என் விலையை நானே பேசுகிறேன்!

அடுத்து நாற்பத்து நாலு. அதுதான் என் முடிவு விலை. முடிவு விலை என்றால் எப்படிச் சொல்வது? அழுத்திப் பிடித்து விடாமல் வைத்திருப்பதுதானே சந்தை வழக்கம். நாலாம் பட்டனை அழுத்தினேன். பல்லைக் கடித்துக்கொண்டு, விடாமல் அழுத்திப் பிடித்தேன்.

போன் மணியடித்தது. எங்கிருந்து சத்தம் வருகிறது என்று நானே சுற்றும் முற்றும் பார்த்தேன். அதற்குள் என் முந்தானைக்குள்ளிருந்து கிருஷ்ணசாமியின் குரல் சந்தை முழுக்கக் கேட்டது.

“சொல்லுங்க வெண்ணிலாம்மா! முடிஞ்சிதா? அம்பத்திரெண்டு வரைக்கும் தாராளமா போலாம்னுதான் சொன்னனே! இன்னும் எதுக்கு இழுத்துக்கினு இருக்கீங்க? ஜல்தியா முடிங்க!”

கிழிஞ்சது போ.

அப்புறம் எழுந்தது பாருங்கள் ஒரு சிரிப்பு, கட்டியிருந்த மாடுகளெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தன. எந்தக் காலத்திலும் யார் காதிலும் விழாத விலை, என் முந்தானைக்குள்ளிருந்து ஊருக்கே கேட்டுவிட்டது. படாரென்று போனை மடித்தேன். முகத்தில் ரத்தம் ஏறிக் காதெல்லாம் எரிந்தது.

முருகையன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். “அப்பறம் இன்னாம்மா? ஒங்க மொதலாளியே சொல்லிட்டாரு. அம்பத்திரெண்டு. அதுல ஒரு ரூபா கொறையாது.”

“பேஜாராப் போச்சு. வா வெண்ணிலா, போயிடலாம்” என்று ஆனந்தராஜ் என் முழங்கையைத் தொட்டார்.

போயிருப்பேன். அழுகை தொண்டை வரை வந்துவிட்டது. போனால் வேலை போகும், அது மட்டும் இல்லை. இனி இந்தச் சந்தைக்கு நான் வந்தால் போன்காரி என்றுதான் சிரிப்பார்கள். அந்த நேரத்தில் கூட்டத்தில் ஒரு குரல், “பொம்பளைக்கு எதுக்குய்யா இந்த வேல?” என்றது. அவ்வளவுதான். அழுகை வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. மூக்குக்கு மேல் கோபம் வந்தது. போனை ஆனந்தராஜ் கையில் திணித்தேன். முந்தானையை விரித்து என் வலது கையை நீட்டினேன்.

“அண்ணே, கையக் குடுங்க.”

சிரிப்பு நின்றது. முருகையன் ஒரு அடி பின்னால் போனார். “அம்மா, நீங்க பொம்பள…”

“நீங்க விக்கறது மட்டும் ஆம்பள மாடா? குடுங்கண்ணே கைய.”

அவர் ஆனந்தராஜைப் பார்த்தார். ஆனந்தராஜ் போனைப் பார்த்தார். வேறு வழி தெரியாமல் முருகையன் கையை நீட்டினார். முந்தானையைப் போட்டு மூடினேன்.

விலையைப் பிடிக்கவில்லை. முதலில் அவர் ஆள்காட்டி விரலைப் பிடித்துப் பால் கறக்கிற மாதிரி மெதுவாக ஒரு இழுப்பு இழுத்துவிட்டேன். அடுத்து நடுவிரல், அதே இழுப்பு. மோதிர விரலும் அப்படியே. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, புருவத்தைச் சுருக்கினார். நாலாவதாகச் சுண்டு விரலின் அடியைப் பிடித்து, இழுக்காமல், நறுக்கென்று கிள்ளினேன்.

முருகையன் முகம் செத்துப்போனது. எங்கள் தலைக்கு மேல் நாற்பது பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. தெரிந்தது எங்கள் இரண்டு பேருக்குத்தான்.

பிறகுதான் என் விலையைப் பிடித்தேன். அழுத்திப் பிடித்து, விடாமல் வைத்திருந்தேன். அவர் என் கண்ணைப் பார்த்தார். கை இழுத்துப் பார்த்தது, நான் விடவில்லை. அப்புறம் அவர் விரல்கள் தளர்ந்து, என் பிடியை ஒரு தட்டுத் தட்டின. முடிந்தது. எவ்வளவு என்று என்னைக் கேட்காதீர்கள். கைக்குள் போன விலை கைக்குள்தான் இருக்கும்.

“இன்னாப்பா, அம்பத்திரெண்டேதானா?” என்று கூட்டத்தில் கேட்டார்கள்.

“அதான் எல்லாரு காதுலயும் உழுந்துச்சே, அப்பறம் இன்னா கேள்வி? நவுருங்கப்பா” என்றார் முருகையன். எல்லோரும் ஐம்பத்திரண்டு என்றே நினைத்துக்கொண்டு கலைந்தார்கள். அவருக்கும் அது நல்லதாகப் போயிற்று. கயிற்றை அவிழ்த்து என் கையில் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“வாயால சொல்லியிருக்கலாமேம்மா?”

“சொன்னா, அப்பறம் இந்தச் சந்தையில ஒங்க மாட்ட யாருண்ணே பாப்பாங்க?”

கன்றை அவரே தூக்கிக்கொண்டு நாங்கள் வாடகைக்குப் பேசியிருந்த வண்டி வரை வந்து ஏற்றிவிட்டார்.

ஆனந்தராஜிடம் ஸ்பீக்கரை அமர்த்தச் சொல்லிப் போனை வாங்கிக்கொண்டு, வண்டிக்குப் பின்னால் தனியாகப் போய், கிருஷ்ணசாமிக்குப் போன் போட்டேன். இடது பின் காம்பு கல் என்பதை முதலில் சொன்னேன். அதற்குப் பிறகு விலையைச் சொன்னேன்.

“கொறையச் சொல்லி மாடு வித்த ஆளப் பாத்ததில்ல, வாங்குன ஆளையும் பாத்ததில்ல” என்றார். “ஏம்மா, இவ்ளோ கொறச்சலா எப்பிடி முடிச்சீங்க? அதுவும் நான் ஊரக் கூட்டிச் சொன்னப்பறம்?”

“கைதாங்கய்யா” என்றேன்.

“அடுத்த சந்தைக்கு ரெண்டு வேணும். வண்டி அனுப்பட்டுமா?”

அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போனை மடித்தேன். சந்தோஷத்தில் அந்த மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன், யார் பார்த்தால் எனக்கென்ன. போன்மீதும் எனக்குக் கோபம் இல்லை. அது நான் சொன்னதைத்தான் செய்தது.

திரும்பி வந்தபோது, சேதி அதற்குள் எங்கெங்கோ போயிருந்தது. கறுப்புப் பசு ஒன்றைப் பிடித்துக்கொண்டு வேறொருவர் எங்களிடம் வந்தார். “நல்ல மாடுங்க, மூணாம் ஈத்து. பாத்துட்டு சொல்லுங்க” என்றார். எனக்கு இன்னொரு மாடு அன்றைக்கு வேண்டியதில்லை. ஆனாலும் கை சும்மா இருக்குமா? பல்லைப் பார்த்தேன், மடியைத் தடவினேன், நாலு காம்பும் பஞ்சாக இருந்தது. எங்கள் தொழுவத்துக்கே பிடித்துக்கொண்டு போகலாம் என்று தோன்றிவிட்டது. அவர் தோள் துண்டை எடுத்து உதறி, பழக்கப்படி ஆனந்தராஜ் பக்கம் கையை நீட்டினார்.

ஆனந்தராஜ் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“எங்கிட்ட இல்லீங்க. அவங்ககிட்ட புடிங்க” என்றார்.

அந்த மனிதர் துண்டைப் பிடித்தபடி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஒரு அடி நகர்ந்து என் பக்கம் திரும்பித் துண்டை விரித்தார். நான் கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு துண்டுக்குள் விட்டேன்.